குறித்த காலத்திற் புறப்படுதல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியம் பற்றியோ சமயம் பற்றியோ எழுதுவதே தமிழாசிரியன் ஒருவனுக்குத் தகும் என்று முதலில் எண்ணினோம். ஆயின் அவர்கள் அனுப்பிய மடலில் விழா நிகழ்ச்சிகளின் நிரலும் இருந்தது. அதில் ஒரு வரி: "துவிச்சக்கரவண்டிப் பவனி, காலை 6 மணி." அவ்வரியைப் படித்த அளவிலே ஜெயபுரத்தில் யாம் கண்ட ஒரு காலைப்பொழுது எம் மனக்கண் முன் வந்து நின்றது, மற்றை விடயங்களெல்லாம் பின்னே ஒதுங்கின. ஆகவே அதனையே எழுதத் துணிந்தோம். எம்மிடத்தும் குற்றம் உண்டாதலின், இதனைப் பிறர்மேற் சாட்டும் குறையாகக் கொள்ளாது, ஒருவன் தன் கணக்கைத் தானே ஒப்புவிப்பதாகக் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

ஜெயபுரம் பூநகரிப் பகுதியைச் சேர்ந்த ஊர். மன்னார் – பூநகரி வீதியிற் பல்லவராயன்கட்டுச் சந்தியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். மலையகத்தில் வன்செயல்களுக்கு ஆளாகிப் பெயர்ந்து வந்த குடும்பங்கள் பல காடு வெட்டிக் குடியேறிய ஊர் அது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலரைப் படிப்பிக்கும் பேறு எமக்கு வாய்த்தது. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் வந்து, பெற்றோல் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் நின்றபோது, எம் பக்கத்தார் அதிகம் கலங்கவில்லை. மூலையிற் சார்த்தியிருந்த துவிச்சக்கரவண்டியை எடுத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ரியூபுக்கு ஒட்டுப்போட்டுப் புறப்பட்டுவிட்டனர். அவ்வனுபவத்தின் பின், 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொது அமைப்பு ஒன்று துவிச்சக்கரவண்டி ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தது. ஆண் பெண் வேறுபாடின்றி எவரும் கலந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. ஜெயபுரத்திற் புறப்பட்டுப் பல்லவராயன்கட்டை அடைந்து, மன்னார் வீதியில் முழங்காவிற் பக்கமாகச் சென்று, குறித்த ஓரிடத்தில் திரும்பி வரவேண்டும். போக வர 30 கிலோமீற்றர். முதற் பரிசு ஒரு புதிய துவிச்சக்கரவண்டி. தொடக்கம் காலை 6 மணி.

எம் மாணவர் பதினால்வர் பெயர் கொடுத்தனர். அவர்களுள் ஒருவன் பதினோராம் வகுப்பு மாணவன். பெயர் கூற வேண்டுவதில்லை. அவன் ஏறி வரும் வண்டி அவனுடையதன்று. மேசன் வேலை செய்யும் அவன் தந்தையாருடையது. வார நாட்களில் தந்தையார் அதில் வேலைக்குப் போய்விடுவார். மகன் நடந்தே பாடசாலைக்கு வருவான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வேலை இருந்தது. ஒன்பது மணிக்கு அவர் புறப்பட வேண்டும். பையன் எம்மிடம் வந்து கணக்குப் பார்த்தான். ஆறு மணிக்குத் தொடங்கினால், மணிக்கு 20 கிலோமீற்றர் வீதம் ஏழரைக்கு முடித்துவிடலாம். பரிசளிப்பு முடிந்து எட்டரைக்கு வீடு சேரலாம். "அரை மணித்தியாலம் மிச்சம் இருக்கு, சேர்," என்று சிரித்தான். யாமும் கணக்குச் சரி என்றோம். இலக்கணம் படிப்பிப்பவனுக்கு அக்கணக்கிற் குற்றம் எதுவும் தோன்றவில்லை.

அன்று விடியுமுன் எழுந்து, ஐந்தரை மணிக்கெல்லாம் பிள்ளைகளோடு மைதானத்தை அடைந்தோம். ஆறு மணிக்கு ஏறக்குறைய முந்நூறு பேர் கூடிவிட்டனர். காற்று அடங்கியிருந்தது. வீதியில் வாகனம் இல்லை. துவிச்சக்கரவண்டி ஓட்டுதற்கு அதனினும் நல்ல பொழுது வன்னியில் வாய்ப்பதரிது. பெண்பிள்ளைகள் பலர் புதுச் சப்பாத்து அணிந்து, பின்னலை இறுக்கிக் கட்டி, காண்டிலைப் பிடித்தபடி முன்வரிசையில் நின்றனர். பதாகை கட்டப்பட்டிருந்தது. ஒலிபெருக்கி பக்திப் பாடல் பாடிக்கொண்டிருந்தது. கொடியசைக்க வேண்டிய பிரதம விருந்தினர் மட்டும் வரவில்லை.

ஆறேகாலுக்கு ஒலிபெருக்கி, "இன்னும் பத்து நிமிடத்தில் ஆரம்பமாகும்" என்றது. ஆறரைக்கும் அவ்வாறே கூறிற்று. ஏழு மணிக்கு ஏற்பாட்டாளருள் ஒருவர் எம்மிடம் ஓடி வந்தார். "ஆசிரியர், நீங்கள் கொஞ்ச நேரம் பேசுங்கோ, பிள்ளைகள் குழம்பாமல் நிக்கட்டும்," என்று ஒலிவாங்கியைக் கையில் தந்தார். தமிழாசிரியனிடம் ஒலிவாங்கியைத் தந்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர் அறிவர். உடற்பயிற்சியின் பயனைப் பேசினோம். சுற்றாடற் பாதுகாப்பைப் பேசினோம். ஒழுக்கத்தையும் பொறுமையையும் பேசினோம். நாற்பது நிமிடம் பேசினோம். பொறுமையைப் பற்றி எம் வாழ்நாளில் அவ்வளவு அழகாக யாம் பேசியதில்லை. வெயிலில் நின்ற முந்நூறு பேர் அதற்கு முகங்கொடுத்து நின்றனர்.

அதனிடையே எம் மாணவன் மூன்று முறை மேடை அருகில் வந்து நின்றான். முதன்முறை வந்தபோது, "இன்னும் பத்து நிமிசம், தம்பி," என்றோம். இரண்டாம் முறையும் அதனையே சொன்னோம். மூன்றாம் முறை எட்டு மணி கடந்திருந்தது. "சேர், வண்டியை அப்பாட்டக் குடுக்கோணும்," என்றான். யாம் ஒலிவாங்கியைக் கையால் மறைத்துக்கொண்டு, "பொறு, இப்ப வந்திடுவினம்," என்றோம். அவன் தலையை அசைத்தான். சற்று நேரத்தின் பின் திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடம் வெறுமையாயிருந்தது. வீதியோரத்தில் ஒரு வண்டி மட்டும் மற்றையோர்க்கு எதிர்த்திசையில், வீட்டை நோக்கி, மெல்லச் சென்றுகொண்டிருந்தது.

எட்டரை மணிக்குப் பிரதம விருந்தினர் வந்தார். மாலை அணிவித்தல், மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை எல்லாம் சுருக்கமாக நடந்தேறின. எட்டு நாற்பதுக்குக் கொடி அசைந்தது. இரண்டு மணி நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டோம்.

அதன்பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பார்க்கத்தக்கதே. ஆடி மாதத்திற் கச்சான் காற்று விடியலில் உறங்கும். வெயில் ஏறஏறத் தானும் எழும். ஆறு மணிக்குப் புறப்பட்டிருந்தால் முதுகிலும் நெஞ்சிலும் படாதிருக்கும் அக்காற்று, ஒன்பது மணிக்கு மன்னார் வீதியில் தெற்கே திரும்பியதும் சுவர்போல எதிர்த்து நின்றது. ஓட்டத்தின்போது குடிக்கவெனக் கொண்டுவந்த தண்ணீரை, நின்ற இடத்திலேயே பிள்ளைகள் குடித்து முடித்திருந்தனர். வெயிலிற் சூடேறிய ரியூப்களிற் பழைய ஒட்டுக்கள் இளகின. வழிநெடுகக் காற்றுப் போன வண்டிகள் கிடந்தன. சிலர்க்குக் காற்சதை பிடித்துக்கொண்டது. எம்மோடு வந்த சிறுமி ஒருத்தி தலைசுற்றி வேலியோரத்தில் அமர்ந்தாள். புறப்பட்டவருட் கணிசமானோர் முடிக்கவில்லை. புதிய துவிச்சக்கரவண்டி ஓர் இளைஞனுக்குக் கிடைத்தது. அவன் தகுதியுள்ளவன், அவனைக் குறைகூறுதற்கில்லை.

பரிசளிப்பு முடிந்து கலையும் வேளையிற் பிரதம விருந்தினரோடு சில சொற்கள் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. மனத்திற் சினம் இருந்தமையால், "பிள்ளைகள் ஆறு மணியிலிருந்து காத்து நின்றனர்," என்று பணிவோடு சொன்னோம். அவர் திகைத்தார். சட்டைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். அதில் "காலை 8.30" என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அவர் குறித்த நேரத்திற்கே வந்திருந்தார்!

பின்னர் விசாரித்தபோது ஏற்பாட்டாளர் மறைக்காமற் கூறினார். எட்டரைக்கு என்று அறிவித்தால் சனம் பத்து மணிக்குத்தான் கூடும். ஆகையால் ஓடுவோருக்கு ஆறு மணி என்றும் விருந்தினருக்கு எட்டரை என்றும் இரண்டு நேரம் குறித்தார்களாம். "எல்லா இடத்திலையும் இப்பிடித்தானே, ஆசிரியர்," என்றார். அவர் தீயவர் அல்லர். பல இரவு விழித்து உழைத்தவர். ஒருவரும் எவரையும் அவமதிக்கக் கருதவில்லை. சொன்ன நேரத்தை உண்மை என்று நம்பி வந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே. தண்டனை பெற்றவர்களும் அவர்களே.

இரண்டு நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு வேறொரு காலம் நினைவுக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிற்று. பின்பு அதே ஆண்டில் அரை மணித்தியாலம் குறைத்தது. போர்க்களமாயிருந்த வன்னியிலோ பழைய நேரமே வழங்கிற்று. 2006ஆம் ஆண்டில் நாடு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டே எம் மக்கள் எதனையும் நிச்சயித்தனர். ஆயினும் அக்குழப்பத்தில் ஒரு நேர்மை இருந்தது. எந்த நேரம் என்று கேட்டால் உண்மையான விடை கிடைத்தது. இக்காலத்து இரண்டு நேரங்களோ ஒன்றையொன்று அறியாதபடி மறைத்து வைக்கப்படுகின்றன.

அக்காலத்திலே நம் கல்லூரி இடம்பெயர்ந்து மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் நடந்ததைப் பழைய மாணவர் பலர் அறிவர். தண்டவாளத் துண்டு ஒன்று கிளையிலே தொங்கியது, அதுவே மணி. எரிபொருட் தடையால் வண்டி வாகனம் இல்லை. ஆசிரியரும் மாணவரும் துவிச்சக்கரவண்டியிலே மைல்கணக்கில் மிதித்து வந்தனர். மண்ணெண்ணெய் அரிதாகிய இரவுகளிலே, வண்டியை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். மிதிப்பதற்கு முறை வைத்திருந்தோம். அத்தகைய நாட்களிலும் அத்தண்டவாளத் துண்டு குறித்த நேரத்துக்கு ஒலித்தது. பிந்தி வந்தவரைக் கடிந்துகொள்ளவில்லை. வழியில் என்ன நேர்ந்ததோ என்று கேட்டனர். ஆனால் அவருக்காக மணியை நிறுத்தி வைக்கவில்லை. வந்தவர்க்குப் பாடம் தொடங்கிற்று.

வன்னி மக்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. நிவாரணத்துக்கு வரிசையில் நின்றோம். 2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்தபின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நின்றோம். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நின்றோம். அவையெல்லாம் பிறர் எம்மை நிறுத்திய இடங்கள். எம்மால் மாற்ற இயலாதவை. ஆனால் எம் ஊரில், எம் மைதானத்தில், எம் பிள்ளைகளை நிறுத்தியவர் யாமே. நெடுங்காலம் காக்க வைக்கப்பட்டவன், தன் கைக்கு அதிகாரம் சிறிது வந்ததும் பிறரைக் காக்க வைப்பதை ஒரு மரியாதையாகவே எண்ணிவிடுகின்றானோ என்று அன்று ஐயுற்றோம்.

பெருங்கூட்டம் கூடுமிடத்திற் சிறிது தாமதம் இயல்பே என்பார் உண்டு. அதுவும் உண்மை. ஒரு வீதியில் நால்வர் ஒரு வரிசையாகப் புறப்படுவதாகவும், வரிசைக்கு இரண்டு விநாடி செல்வதாகவும் கொள்வோம். நிமிடத்துக்கு 120 பேர் கோட்டைக் கடப்பர். முந்நூறு பேர் கடக்க இரண்டரை நிமிடம் போதும். அவ்வளவே அன்று எமக்கு வேண்டியிருந்த தாமதம். எஞ்சிய இரண்டரை மணித்தியாலத்துக்கும் கூட்டம் காரணமன்று.

தென்னாபிரிக்காவிலே கேப் டவுன் நகரில் 1978ஆம் ஆண்டு சில நூறு பேரோடு தொடங்கிய துவிச்சக்கரவண்டிச் சுற்றிற் பிற்காலத்தில் 35,000 பேர் வரை கலந்துகொண்டதுண்டு. மேற்கண்ட கணக்கின்படி அத்தனை பேரும் ஒரு கோட்டைக் கடக்க ஐந்து மணித்தியாலம் அளவிற் செல்லும். அதனால் அவர்கள் எல்லாரையும் ஒருசேர நிறுத்துவதில்லை. கூட்டங் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி நேரம் குறித்து விடுகின்றனர். சுவீடன் நாட்டில் வெற்றேன் என்ற பெரிய ஏரியைச் சுற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் நிகழ்ச்சி 1966ஆம் ஆண்டிலே தொடங்கியது. அங்கும் சிறு சிறு கூட்டமாக, சில நிமிட இடைவெளியில், இரவு முழுதும் புறப்பட்டுக்கொண்டேயிருப்பர். நள்ளிரவுக்குப் பின் புறப்பட வேண்டியவன் மாலையிலே வந்து நிற்பதில்லை. அவனவன் நேரத்துக்கு அவனவன் வருகின்றான். 2017ஆம் ஆண்டு கேப் டவுனிற் கடுங்காற்று வீசியபோது, தொடங்கிய நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டனர். காற்றுக்காக நிறுத்தலாம், மழைக்காகப் பிந்தலாம், விபத்துக்காகப் பொறுக்கலாம். அவற்றைக் காரணத்தோடு சொன்னால் எவரும் ஏற்பர். "இன்னும் பத்து நிமிடம்" என்பது மட்டும் காரணமன்று.

நேரம் பார்த்தல் மேனாட்டார் தந்த வழக்கம் என்று கூறி நாம் தப்பவும் இயலாது. நாழிகை வட்டிலில் நீர் அளந்து அரசனுக்குப் பொழுதறிவித்தாரை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. வள்ளுவர் காலமறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரந்தான் மறுநாள் திங்கட்கிழமை எமக்கு வந்து வாய்த்தது! பாடத்தின் ஒழுங்கில் அன்று படிப்பிக்க வேண்டியது அதுவே. பதினோராம் வகுப்பிற் புத்தகத்தைத் திறந்தோம். தலைப்பைப் படித்ததும் பின்வரிசையில் ஒரு மெல்லிய சிரிப்பு எழுந்தது. அதட்டவில்லை. அம்மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

பாடம் முடிந்தபின் அவனை அழைத்து, "அப்பா நேரத்துக்குப் போனவரோ?" என்று கேட்டோம். "ஓம் சேர். ஒன்பதுக்குப் போட்டார்," என்றான். சற்று நின்று, "நீங்கள் சொன்னபடியால்தான் சேர், கடைசி வரைக்கும் நிண்டனான்," என்றான். அதில் முறைப்பாடு இல்லை, கோபமும் இல்லை. பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளிவந்த நாள்தொட்டு மாணவர் எம்மை நம்புவதையே எம் தொழிலின் முதல் என்று எண்ணி வந்தவர் யாம். அம்முதலிலிருந்து மூன்று முறை பத்து நிமிடம் கடன் எடுத்து, திருப்பிக் கொடாமல் விட்டோம் என்பது அப்போது விளங்கிற்று. முதற் பரிசு அவனுக்கே கிடைத்திருக்கும் என்று சொல்லத் துணியோம். ஓடிப் பார்க்கும் உரிமை அவனுக்கு இருந்தது. அதனை இழப்பித்ததில் எம் நாவுக்கும் பங்குண்டு. "பிழை எங்கட பக்கந்தான், தம்பி," என்று கூறினோம். ஆசிரியர் பிழை ஒப்புக்கொள்ளக் கேட்டறியாத அவன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தான்.

மறு ஆண்டு எம் பாடசாலையிற் சிறியதோர் ஓட்டம் நடத்தினோம். விதிகள் சிலவே. அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் ஒரே நேரம். பிரதம விருந்தினர் தொடக்கத்துக்கல்ல, பரிசளிப்புக்கே அழைக்கப்படுவார். முன்னரே வந்தால் மகிழ்ச்சி, வாராவிடினும் சக்கரம் நிற்காது. கொடியசைப்பவர் ஊரில் நீண்ட காலம் துவிச்சக்கரவண்டி திருத்திவரும் முதியவர். இருபதின்மர் ஒரு கூட்டமாக, நிமிடத்துக்கு ஒரு கூட்டம். பிந்தி வந்தவர் கடைசிக் கூட்டத்தோடு செல்லலாம். அவர் புறப்பட்ட நேரத்திலிருந்தே அவர்க்குக் கணக்கு. உரைகள் எல்லாம் ஓட்டம் முடிந்தபின், நிழலில். தமிழாசிரியருக்கு ஐந்து நிமிடம்.

நண்பர்கள் சிரித்தனர். ஆறு மணிக்கு ஐம்பது பேர்கூட வாரார் என்றனர். அன்று ஆறு மணிக்கு மணி அடித்தபோது நின்றவர் அறுபதின்மர். மூன்று கூட்டங்கள் புறப்பட்டன. ஆறே முக்காலுக்குள் மேலும் எண்பது பேரளவில் அவசரமாக வந்து சேர்ந்து, வந்தவாறே புறப்பட்டனர். சக ஆசிரியர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வீதியோடே துரத்தி வந்து கலந்துகொண்டார். எவரும் எவர்க்காகவும் காத்து நிற்கவில்லை. அதனால் எவரும் எவர்மீதும் சினக்கவுமில்லை. அடுத்த முறை மணி அடிக்குமுன் எத்தனை பேர் நிற்பர் என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

அம்மாணவனும் ஓடினான். உயர்தர வகுப்புக்கு வந்திருந்தான். வண்டி இன்னும் தந்தையாருடையதே. முதற் கூட்டத்தில் ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஐந்தாவதாக வந்து சேர்ந்தான். ஐந்தாமவனுக்குப் பரிசில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "சேர், நான் வாறன்," என்று கூறி உடனே வீட்டுக்குத் திரும்பினான். எட்டு மணிக்கு முன்னரே வண்டி தந்தையின் கைக்குப் போய்விட்டது. அவன் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை எமக்குக் கிடைத்த பரிசாகவே கொண்டோம்.

விழாக் குழுவினர்க்கு எம் வேண்டுகோள் இதுவே. நிரலில் 6 மணி என்று அச்சிட்டுவிட்டீர்கள். அதனை 6 மணியாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை விருந்தினர்க்கு அனுப்பும் அழைப்பிதழிலும் அதுவே இருக்கட்டும். வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய மாணவர் அந்தந்த நாட்டு வழக்கப்படி குறித்த நேரத்துக்கு வந்துவிடுவர்; உள்ளூரில் இருக்கும் நாம் அவர்களைக் காக்க வைத்து நகைப்புக்கு இடமாக வேண்டாம். தண்டவாளத் துண்டு இன்னும் எங்கேனும் கிடந்தால் அதனையே எடுத்து அடியுங்கள். அவ்வொலி கேட்டால் நரைத்த தலைகளும் ஓடி வரும்.

யாமும் வருவோம். ஐந்தரைக்கே வந்து நிற்போம். எவரும் எம் கையில் ஒலிவாங்கியைத் தராதிருப்பாராக.